வடதுருவக் கோடைப் பயண நூல்களில் நிலமும் பொழுதும்

முன்னுரை

பயண நூலை இடத்தைப் பற்றிய நூலாகக் கொள்வது பொது வழக்கு. ஆசிரியர் எங்குச் சென்றார், எவற்றைக் கண்டார், கண்டவை அவர் உள்ளத்தில் எத்தகைய உணர்வை எழுப்பின என்னும் மூன்றையும் கூறிவிட்டால் பயண நூலின் கடன் முடிந்தது எனக் கருதுவோர் பலர். ஆயின் இடத்தைக் காலத்தினின்றும் பிரித்துக் காணுதல் அரிது. தொல்காப்பியர் முதற்பொருளை வகுத்தபோது நிலத்தோடு பொழுதையும் ஒருங்கு வைத்தார். நிலம் மட்டும் கூறப்பட்டுப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் கூறப்படாதவிடத்து முதற்பொருள் நிரம்புவதில்லை. அகப்பாடல்களுக்கு வகுத்த இவ்விதியை அயல்நாட்டு உரைநடை நூல்களுக்கு அவ்வாறே பொருத்துதல் ஏலாது. பனி மூடிய வடபுலத்தில் குறிஞ்சியையும் பாலையையும் தேடுவது வீண்முயற்சியாகும். எனினும், நிலமும் பொழுதும் இணைந்தே ஒரு புலத்தை ஆக்குகின்றன என்னும் அடிப்படைக் கருத்து எந்நாட்டு இலக்கியத்திற்கும் அளவுகோலாக நிற்க வல்லது.

இவ்வளவுகோலைச் சோதித்தற்கு ஏற்ற இலக்கியப் பகுதி வடதுருவக் கோடைப் பயண நூல்களாகும். அங்குக் கோடையில் ஞாயிறு மறைவதில்லை. மாலையும் யாமமும் வைகறையும் தம்முள் வேறுபாடின்றி ஒன்றாகிவிடுகின்றன. பயணியோ சில நாள்கள் அல்லது சில கிழமைகள் மட்டும் தங்கி மீள்கிறான். பிற பருவங்களை அவன் காண்பதில்லை. ஆகவே சிறுபொழுது, பெரும்பொழுது ஆகிய இரண்டும் அவன் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. அந்நிலையில் நிலம் காலமற்றதாகவும் என்றும் மாறாததாகவும் தோன்றுகிறது. அத்தோற்றத்தை மெய்யெனக் கொண்ட நூல்கள் உள. அதனுள் மறைந்து கிடக்கும் காலத்தைக் கண்டு காட்டிய நூல்களும் உள. ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தையும் அதனைச் சூழ்ந்த கடலையும் பற்றிய நான்கு நூல்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய்வதும், அதன் வழியே இந்நாளைய கப்பற்பயண எழுத்தை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் அதனை நாடிய பயணமும்

ஸ்வால்பார்டு, நார்வேப் பெருநிலத்திற்கும் வடதுருவத்திற்கும் இடையே, வட அகலக்கோடு 74 பாகைக்கும் 81 பாகைக்கும் இடைப்பட்ட கடற்பரப்பில் உள்ளது. அதன் பெருந்தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் 1596-இல் அதனைக் கண்டார். 1920-இல் கையெழுத்தாகி 1925-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி அது நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. தீவுக்கூட்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு பனியாறுகளால் மூடப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் வீழும் பனி அடுக்கடுக்காக இறுகிக் கட்டியாகித் தன் எடையாலேயே சரிவு நோக்கி மெல்ல நகர்கின்றது. அவ்வாறு நகருங்கால் பாறையை அரைத்துப் பள்ளத்தாக்கை ஆழப்படுத்துகின்றது. பனி பின்வாங்கியபின் அப்பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்து நிற்பதையே ஃபியோர்டு என்பர். ஆகவே ஃபியோர்டு என்னும் நில அமைப்பே ஒரு கால வரலாற்றின் விளைவு என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

தலைமை ஊராகிய லாங்யியர்பியனில் ஏப்பிரல் மூன்றாங்கிழமை முதல் ஆகஸ்டு மூன்றாங்கிழமை வரை ஞாயிறு மறைவதில்லை. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை எழுவதில்லை. இந்நிலத்திற்குக் கோடைப் பயணம் போதல் புதிய பழக்கமன்று. 1896-இல் நார்வேயினின்றும் கிழமைக்கொரு நீராவிக் கப்பல் விடப்பட்டது. கரையில் ஒரு சிறு விடுதியும் எழுந்தது. அவ்விடம் இன்றும் விடுதிமுனை என்னும் பொருள்படும் நார்வேயப் பெயராலேயே வழங்குகிறது. சுவீடன் நாட்டு ஆந்திரே என்பார் வாயுக்கூண்டு ஏறித் துருவம் நோக்கிப் பறக்க முயன்ற அவ்வாண்டில், அவருடைய ஏற்பாடுகளைக் காணவும் பயணிகள் கப்பலேறிச் சென்றனர். 1969-இல் லார்ஸ்-எரிக் லின்ட்பிளாடு துருவக் கடல்களுக்கென்றே ஒரு சிறு கப்பலைக் கட்டுவித்துச் செலுத்தினார். பயணிகளைச் சிறு தொகுதிகளாக ரப்பர்ப் படகுகளில் இறக்கி, அறிஞர் உடன்நின்று விளக்கும் முறை அதன்பின் பரவலாயிற்று. இம்முறைக்கு 'ஆய்வுப் பயணம்' என்னும் பெயர் வணிக வழக்கில் நிலைத்துள்ளது. ஆய்வு என்னும் சொல்லுக்கு அப்பயணம் எந்த அளவிற்குத் தகுதியுடையது என்பது இறுதிப் பகுதியில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

2. டஃபரின்: அசைவற்ற நிலம்

ஆங்கிலத்தில் வடபுலக் கோடைப் பயண நூல்களுள் பெரிதும் பயிலப்பட்டது, டஃபரின் பிரபு 1857-இல் வெளியிட்ட 'உயர் அகலக்கோடுகளிலிருந்து கடிதங்கள்' என்னும் பொருள்படும் பெயருடைய நூல். பிற்காலத்தில், 1884 முதல் 1888 வரை, இந்தியாவில் அரசப் பிரதிநிதியாக இருந்தவரும் இவரே. 1856-ஆம் ஆண்டுக் கோடையில் 'ஃபோம்' என்னும் தம் பாய்மரக் கப்பலில் ஐசுலாந்து, யான் மாயன், ஸ்பிட்ஸ்பெர்கன் ஆகிய இடங்களுக்குச் சென்ற செய்தியைத் தம் அன்னையார்க்கு எழுதிய கடிதங்களாக அமைத்துள்ளார்.

நூலின் சிறப்பு நகைச்சுவை. எதனையும் துயரத்தோடு நோக்கும் பணியாளர் வில்சனைப் பற்றிய பகுதிகளும், ரெய்க்யவிக் விருந்தில் ஆசிரியர் இலத்தீன் மொழியில் உரையாற்றிய பகுதியும் இன்றும் சுவை குன்றாதன. மாந்தரைப் பற்றி எழுதும்போது டஃபரினின் நடை ஓட்டமும் துள்ளலும் உடையது. யான் மாயனைச் சூழ்ந்த மூடுபனி விலகி, பியரன்பர்க் எரிமலையின் முடி வானிடைத் தோன்றும் காட்சியிலும் அவ்வோட்டம் குறையவில்லை. அங்கு மறைவும் வெளிப்பாடும் என ஒரு நிகழ்ச்சி உண்டு; நிகழ்ச்சி உண்டாகவே காலமும் உண்டு.

ஸ்பிட்ஸ்பெர்கனில் இங்கிலீஷ் விரிகுடாவை அடைந்தபின் நடை முற்றும் மாறுகின்றது. அங்கு அவர் உள்ளத்தைப் பெரிதும் தாக்கியது அமைதியே. ஒலி இல்லை, அலை இல்லை, பறவை இல்லை, புல் இல்லை என இன்மைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்கிறார். உலகமே மரத்துப்போய் ஊமையாகிவிட்டது என்னும் உணர்வில் அவ்வடுக்கு முடிகிறது. நள்ளிரவு ஞாயிற்றின் மங்கிய ஒளி அவ்வுணர்வைப் பெருக்குகிறது. இப்பகுதி உரைநடை என்னும் வகையில் மிக உயர்ந்தது. அதனாலேயே பின்வந்தோர் பலர்க்கு வாய்பாடாயிற்று.

இதன் குறை யாது? இன்மையால் மட்டும் ஒரு நிலத்தைச் சொல்லுதல் ஒரு பொழுதின் தன்மையை நிலத்தின் தன்மையாக ஏற்றுவதாகும். காற்றடங்கிய ஓரிரவில், ஒரு விரிகுடாவில் நிலவிய அமைதி, புலம் முழுமைக்கும் உரியதாக உரைக்கப்படுகிறது. பனியாறு நகர்கின்றது என்பது டஃபரின் அறியாததன்று. அதன் உருவாக்கத்தை அவரே விளக்குகிறார். ஆயின் அவ்வறிவு விளக்கவுரையில் நிற்கின்றது, வருணனையினுள் புகவில்லை.

கரையில் திறந்து கிடந்த ஒரு சவப்பெட்டியை அவர் காணும் இடம் இதற்குத் தக்க சான்று. அது முன்னொரு நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்கு வந்து மாண்ட ஒருவருடையது. அதனை ஆசிரியர் இரக்கத்தோடு நோக்குகிறார் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வென்புக்கூடு மண்ணோடு கலவாது பாறைமேல் கிடக்கும் கொடுமையே அவர்க்குப் பெரிதாகப்படுகிறது. மண்ணுள் இட்ட பெட்டி ஏன் மேலே வந்தது என்று அவர் ஆராயவில்லை. நிலத்தின் மேற்பகுதி கோடையில் இளகியும் குளிரில் உறைந்தும் ஆண்டுதோறும் அசைவதால், புதைக்கப்பட்டவை சிறிது சிறிதாக மேலே தள்ளப்படுகின்றன. ஆகவே டஃபரின் அசைவின்மைக்குச் சான்றாகக் கொண்ட பொருளே நிலத்தின் அசைவுக்குச் சான்றாக அவர் காலடியில் கிடந்தது எனலாம்.

3. லெயோனி தோனே: ஒலியும் அச்சமும்

டஃபரினுக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், 1839-ஆம் ஆண்டுக் கோடையில், 'லா ரெஷெர்ஷ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் ஆய்வுக் குழுவினரோடு ஸ்பிட்ஸ்பெர்கனின் மாக்தலேனா விரிகுடாவுக்குச் சென்றது. அதில் ஓவியர் பியாரும், பின்னர் அவரை மணந்த லெயோனி தோனே என்னும் பத்தொன்பது வயது மங்கையும் இருந்தனர். தோனே அம்மையார் தம் பட்டறிவை 'ஒரு பெண்ணின் ஸ்பிட்ஸ்பெர்கன் பயணம்' என்னும் பொருள்படும் பிரெஞ்சு நூலாக 1854-இல் வெளியிட்டார். இதுவும் மடல் வடிவினதே.

தோனேயின் வருணனையில் உவமை மிகுதி. மிதக்கும் பனிக்கட்டிகளைக் கோபுரங்களாகவும் தூண்களாகவும் கூம்புகளாகவும் காண்கிறார். இவ்வாறு பனியைக் கட்டடமாகக் காணுதல் அக்கால ஐரோப்பியப் பயண நூல்களின் பொது மரபு. அம்மரபின் எல்லையைத் தோனே இரண்டு வகையில் கடக்கிறார். ஒன்று, ஒலி. டஃபரின் ஊமை நிலத்தைக் கண்டார். தோனே முழங்கும் நிலத்தைக் கேட்டார். பனி முறிதல், வீழ்தல், ஒன்றோடொன்று மோதுதல் ஆகிய ஓசைகள் அவர் நூலில் இடம்பெறுகின்றன. கட்டடமாகக் கண்டவை சிதைந்து வீழ்வதையும் உடன் கூறுவதால், உவமை நிலைத்த உருவமாக உறைந்துவிடாமல் காக்கப்படுகிறது. இரண்டு, அச்சம். பருவம் மாறிக் கடல் உறைந்தால் கப்பல் சிக்கிக்கொள்ளுமே, அக்கரையில் கிடக்கும் கல்லறைகளோடு தாமும் சேர நேருமே என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்குவதில்லை. வரவிருக்கும் குளிர்காலம் அவருடைய கோடைப் பக்கங்களில் நிழலாக வீழ்ந்துள்ளது. காணாத பருவத்தைக் கண்ட பருவத்தினுள் இருத்துவதற்கு அச்சம் அவர்க்குக் கருவியாயிற்று.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது அவர் கணவர் பியார் வரைந்து 1841-இல் காட்சிக்கு வைத்த ஓவியம். இன்று லூவர் காட்சியகத்திற்கு உரியது. மாக்தலேனா விரிகுடாவைக் கல்லறை முனையிலிருந்து நோக்குவதாக அமைந்த அவ்வோவியத்தில், வானெங்கும் வடமுனைச் சோதி விளங்குகிறது. ஓவியத்தின் பெயரிலேயே அச்சோதி குறிக்கப்பட்டுள்ளது. ஆயின் குழுவினர் அங்குத் தங்கிய பருவத்தில் அவ்விரிகுடாவில் ஞாயிறு மறைவதில்லை. ஞாயிறு மறையாதவிடத்து வடமுனைச் சோதியைக் கண்ணால் காண இயலாது. ஆகவே பியார் கண்ட நிலத்தின்மேல் காணாத பொழுதைத் தீட்டினார் என்பது தெளிவு. ஓவியர்க்குப் புனைவுரிமை உண்டு என்பர் சிலர், அது ஏற்கத்தக்கதே. ஆயினும் அவ்வுரிமை இங்கு எதற்குப் பயன்பட்டது என்று வினவுதல் வேண்டும். காண்போர் வடதுருவம் என்றதும் எதிர்பார்க்கும் ஓர் அணி விடுபடாதிருக்க அது பயன்பட்டது. மனைவி அச்சத்தின் வாயிலாகக் குளிர்காலத்தை உணர்த்தினார். கணவர் அதனைக் கோடையின்மேல் ஒப்பனையாக ஏற்றினார். ஒரே பயணத்தில் விளைந்த இரு படைப்புகளுள் பொழுது இவ்வாறு இருவேறு நிலையெய்தியது.

4. ஸ்கோர்ஸ்பி: பல கோடைகளின் அறிவு

மேற்கூறிய இருவரும் ஒரு கோடையை மட்டும் கண்டவர்கள். பல கோடைகளைக் கண்ட ஒருவரின் நூல் எவ்வாறு அமையும் என்பதற்கு வில்லியம் ஸ்கோர்ஸ்பி 1820-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட வடதுருவப் பகுதிகளின் வரலாறு சான்றாகும். இவர் இங்கிலாந்தின் விட்பி நகரினர். இளமையிலேயே தந்தையின் திமிங்கில வேட்டைக் கப்பலில் வடகடல் சென்று, பின்னர்த் தாமே தலைவராகி, ஆண்டுதோறும் அக்கடலுக்குச் சென்றவர்.

ஸ்கோர்ஸ்பியின் நூல் நாட்குறிப்பாக அமையவில்லை. பனி, கடல், வளி, உயிரினம், வேட்டைத் தொழில் எனப் பொருள்வகையாற் பகுக்கப்பட்டது. சுவை நாடும் பயில்வோர்க்கு வறண்டதாகத் தோன்றக்கூடும். ஆயின் பனியின் வகைகளை அவர் வேறுபடுத்தும் முறையை ஊன்றி நோக்கினால், ஒவ்வொரு பெயரும் ஒரு நிலைமாற்றத்தைக் குறிப்பது புலனாகும். எப்பனி புதிதாய் உறைந்தது, எப்பனி பல பருவம் கடந்தது, எது நிலத்திற் பிறந்து கடலில் வீழ்ந்தது என்று அவர் பிரிக்கிறார். டஃபரினின் பக்கங்களில் பனி என்னும் ஒரு சொல் செய்த பணியை இங்குப் பல சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன.

1817-இல் கிரீன்லாந்துக் கடலில், முன்னர்ப் பனி மூடியிருந்த பெரும்பரப்பு பனியின்றிக் கிடப்பதை ஸ்கோர்ஸ்பி கண்டு, அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். முதன்முறை வந்த பயணி அதே கடலைக் கண்டிருந்தால், அது எப்போதும் அவ்வாறே இருப்பதாக எண்ணியிருப்பார். மாற்றத்தை உணர்வதற்கு முன்னைய நிலையின் நினைவு வேண்டும். அதுபோலவே, திமிங்கிலங்கள் ஒரு காலத்தில் ஸ்பிட்ஸ்பெர்கனின் விரிகுடாக்களிலேயே கிடைத்தன என்பதையும், அவை அருகியபின் வேட்டையர் திறந்த கடலுக்கும் பனி விளிம்புக்கும் பெயர்ந்தனர் என்பதையும் அவர் வரலாறாகக் கூறுகிறார். அவ்வழிவில் அவர்க்கும் பங்குண்டு. அவர் நூல் அதனை மறைப்பதற்கு முயலவில்லை. டஃபரின் கண்ட அமைதிக்கு ஓர் உரை இங்குக் கிடைக்கின்றது. இரு நூற்றாண்டுக் கால வேட்டையால் அவ்விரிகுடாக்கள் முன்னரே வெறுமையாக்கப்பட்டிருந்தன. இயற்கையின் தொன்மையான ஊமைத்தன்மை எனக் கருதப்பட்டதில் மாந்தர் செயலின் விளைவும் கலந்திருந்தது.

5. கிறிஸ்டியானே ரிட்டர்: முழு ஆண்டு

ஆஸ்திரிய ஓவியர் கிறிஸ்டியானே ரிட்டர் 1934-ஆம் ஆண்டுக் கோடையில் பயணிகள் கப்பலேறி ஸ்பிட்ஸ்பெர்கன் வந்தவர். பிறர் கப்பலோடு மீண்டனர். இவர் வேட்டைத் தொழில் செய்த தம் கணவரோடும் மற்றொரு வேட்டையரோடும் வடகரையில் கிரோஹூக்கன் என்னும் முனையில் ஒரு சிறு குடிலில் ஓராண்டு தங்கினார். துருவ இரவில் ஒரு பெண்ணின் வாழ்வைக் கூறும் அவருடைய செருமன் நூல் 1938-இல் வெளிவந்தது. அக்குடில் இன்றும் நிற்கின்றது.

நூலின் தொடக்கமே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. கோடையில் அவர் கண்ட கரை அழகற்றது. மூடுபனியும் கல்லும் ஈரமும் புகையடைந்த குடிலுமே அவரை வரவேற்கின்றன. டஃபரினைப் போலவே அவரும் முதலில் இன்மைகளையே எண்ணுகிறார். ஆயின் நூல் அங்கு நின்றுவிடவில்லை. ஞாயிறு நாள்தோறும் தாழ்ந்து ஒரு நாள் மறைகின்றது; கணவரும் தோழரும் வேட்டைமேற் சென்றிருக்க, புயலில் பல நாள்கள் தனித்திருந்து குடிலின் வாயிலை மூடும் பனியை அவர் தோண்டி அகற்றுகிறார்; நிலவொளியில் நிலத்தின் எல்லைகள் மறைய, தம் உள்ளத்தின் எல்லைகளும் மங்குவதாக உணர்கிறார்; பின்னர் ஒளி மீள்கின்றது; பறவைகள் மீள்கின்றன. இறுதியில் மீண்டும் கோடை வரும்போது அது பழைய கோடையாக இல்லை. அதே கல்லும் அதே கடலும் வேறு பொருள் தருகின்றன.

ரிட்டரின் நடை எளியது. உவமைகள் மிகச் சில. ஓவியராயினும் வண்ணங்களைப் பெருக்கிக் காட்டுவதில்லை. அவர் நூலின் ஆற்றல் அமைப்பில் உள்ளது. ஒரு பொழுதில் தோன்றிய உணர்வை மற்றொரு பொழுது திருத்துமாறு அவர் நூலை நடத்துகிறார். முதற்பொருளின் இரு கூறுகளும் நிரம்பிய நூல் இந்நான்கனுள் இதுவே. ஓராண்டு தங்கியோர் அனைவரும் இத்தகைய நூல் எழுதிவிடுவர் என்பது இதன் பொருளன்று. தம் முதல் மதிப்பீட்டைப் பிற்பொழுது மாற்றுவதற்கு இடங்கொடுத்த நேர்மையே ரிட்டரின் வெற்றிக்கு உண்மையான காரணம்.

6. பெயரும் புனைவும்

நூல்களேயன்றி இடப்பெயர்களும் ஆராயத்தக்க சான்றுகளாம். கோங்ஸ்ஃபியோர்டில் புலோம்ஸ்ட்ரண்ட்ஹால்வோயா என்னும் இடம் உள்ளது. ஹால்வோயா என்பதற்கு நார்வே மொழியில் தீபகற்பம் என்பது பொருள். பெயரிட்டோர் பிழை செய்திலர். அவர்கள் காலத்தில் ஒரு பனியாறு அதனைப் பெருநிலத்தோடு இணைத்திருந்தது. அப்பனியாறு பின்வாங்க, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடையே நீர் புகுந்து அது தீவென்பது வெளிப்பட்டது. இன்று கப்பல்கள் தீபகற்பம் என்னும் பெயருடைய தீவைச் சூழ்ந்து செல்கின்றன. அங்கேயே எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் 1911-இல் பளிங்குச் சுரங்கம் அமைத்தார். உறைபனியால் பிளவுற்றிருந்த அப்பளிங்கு விலைபோகவில்லை. எந்திரங்கள் துருவேறி அங்கேயே கிடக்கின்றன. இப்பெயரின் வரலாற்றைக் கூறும் ஒரு பத்தி, நிலைபேறுடைய பனியைப் பற்றிய பல பக்க வருணனையினும் அவ்விடத்தை மிகுதியாக விளக்கும்.

புனைவு எதிர்த்திசையிலும் இயங்கக் காண்கிறோம். வடமேற்கு மூலையில் டச்சு வேட்டையர் 17-ஆம் நூற்றாண்டில் கொழுப்பு உருக்கிய ஸ்மேரன்பர்க் என்னும் இடத்தைப் பிற்கால எழுத்தாளர் பல்லாயிரவர் வாழ்ந்த பெருநகராக வளர்த்துவிட்டனர். 1979 முதல் 1981 வரை டச்சு அறிஞர் நடத்திய அகழாய்வு, அங்கு மிகுதியாக இருந்த காலத்தும் ஏறத்தாழ இருநூற்றுவரே தங்கினர் என்று காட்டியது. 1634–35 குளிர்காலத்தில் காவலுக்குத் தங்கிய எழுவரும் அங்கு மாண்டனர். வெறுமையை மிகைப்படுத்துவதும் பழைய பெருமையை மிகைப்படுத்துவதும் ஒரே குறையின் இரு வடிவங்களாகும். இரண்டும் காலத்தை அளவிடாது கற்பிக்கின்றன.

7. இந்நாளைய எழுத்தின் நிலை

இன்றைய பயண விளம்பர ஏடுகளிலும், அவற்றை அடியொற்றிய பயணக் கட்டுரைகளிலும் 'தீண்டப்படாத', 'தொன்மையான', 'நிலையான' என்னும் அடைமொழிகள் ஓயாது வருகின்றன. டஃபரினின் இன்மை அடுக்கு, அவருடைய உணர்வின் ஆழம் நீங்கி, வாய்பாடாக மட்டும் எஞ்சியுள்ளது. பயணிகள் இறங்கும் கரையில் வேட்டையர் கல்லறைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. கொழுப்பு உருக்கிய அடுப்புகளின் எச்சங்கள் உள்ளன. பிற விரிகுடாக்களில் சுரங்கங்களும், அளவைக் கருவிகள் நிறுவிய ஆய்வு நிலையங்களும் உள்ளன. கோங்ஸ்ஃபியோர்டுக் கரையிலுள்ள நீ-ஓலசுண்டில் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும் 2008 முதல் இயங்குகிறது. இத்துணையும் உள்ள நிலத்தைத் தீண்டப்படாதது என்பது வருணனையாகாது.

இதற்கு மறுதலையான போக்கும் அண்மையில் வளர்ந்துள்ளது. பனிச்சுவர் இடிந்து கடலில் வீழும் ஒவ்வொரு முறையும் அதனை உலகின் அழிவுக்கு அடையாளமாகக் கண்டு இரங்கும் எழுத்து அது. இவ்விரக்கத்திற்குத் தக்க காரணம் உண்டு. 1979 முதல் வடதுருவப் பகுதி உலகச் சராசரியினும் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெம்மையுற்றுள்ளது என 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்வால்பார்டின் பனியாறுகள் அதுவரை பதிவாகாத அளவிற்கு உருகின. எனினும், கடலை அடையும் பனியாறு முன்னேறும் காலத்தும் அதன் முகப்பு இடிந்து வீழ்வது இயல்பு. ஸ்வால்பார்டின் பனியாறுகளுள் பல நெடுங்காலம் தளர்ந்திருந்து, பின்னர்த் திடுமெனப் பாய்ந்து முன்னேறும் இயல்பின. லீஃப்டெ ஃபியோர்டின் மோனாக்கோப் பனியாறு தொண்ணூறுகளில் அவ்வாறு முன்னேறியது. ஆகவே கண்ணெதிரே வீழ்ந்த ஒரு கட்டியைக் கொண்டு காலத்தின் போக்கைத் துணிதல் இயலாது. பல்லாண்டு அளவைகளும் முன்னைய நிலப்படங்களும் வேண்டும். ஒரு பொழுதை நிலையாக்குவோரும், ஒரு நிகழ்ச்சியை ஊழாக்குவோரும் ஸ்கோர்ஸ்பியின் முறையை விட்டு விலகியவர்களே.

இவ்வெழுத்தில் பெரிதும் விடுபடுவது கப்பல். டஃபரின் தம் கப்பலையும் அதிலுள்ளோரையும் நூலின் உயிராக அமைத்தார். இன்றைய எழுத்தில் பயணி நிலத்தின்முன் தனித்து நிற்பதாகவே காட்டப்படுகிறது. அவரைக் கொண்டுவந்த எந்திரமும் அது எரிக்கும் எண்ணெயும் உடன்வந்த பலரும் மறைகின்றனர். நார்வே அரசின் விதிகள் அம்மறைவுக்கு இடந்தரவில்லை. 2022 முதல் ஸ்வால்பார்டுக் கடலில் கனத்த எரியெண்ணெய் தடைசெய்யப்பட்டுள்ளது. 2025 சனவரி முதல் காப்புப் பகுதிகளுட் செல்லும் கப்பல் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றலாகாது. அப்பகுதிகளில் குறித்த 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம். பனிக்கரடியினின்றும் 300 மீட்டரும், மார்ச்சு முதல் சூன் இறுதி வரை 500 மீட்டரும் விலகி நிற்றல் வேண்டும். நிலத்தைப் பயணியும் மாற்றுகிறான் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டபின், பயண இலக்கியம் அதனை ஒப்பாதிருப்பது பொருந்தாது. 2018 சூலையில் வடகோடித் தீவொன்றில், பயணிகளை இறக்குவதற்கு முன் கரையை ஆராயச் சென்ற காவலரைத் தாக்கிய கரடி சுட்டுக்கொல்லப்பட்டது. கோடைக் காட்சிக்குக் கொடுக்கப்படும் விலையும் அக்காட்சியின் ஒரு பகுதியே.

நல்ல எழுத்துக்கு வேண்டிய பொருள் அங்கு நிரம்ப உண்டு. பனியாற்றின் முகப்பில் கடற்பறவைகள் பெருங்கூட்டமாகத் திரள்வதைப் பயணிகள் அனைவரும் காண்கின்றனர், படம் எடுக்கின்றனர். பனியாற்றின் அடியில் உருகிய நன்னீர் ஆழத்தில் கடலுள் புகுந்து மேலெழும்போது, சிறு மிதவை உயிர்களையும் உடன்கொண்டு வருகின்றது. அவ்வுணவுக்காகவே பறவைகள் அங்குத் திரள்கின்றன. பனியாறு பின்வாங்கித் தரைமேல் ஏறிவிடின் அவ்வூட்டம் நின்றுபோகும். கருப்பொருளாகிய புள் முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் எவ்வாறு சார்ந்துள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. படம் எடுத்த பயணி இவ்வுண்மையைத் தம்மோடு வந்த வழிகாட்டியிடம் கேட்டறியலாம். வழிகாட்டி பல கோடைகளைக் கண்டவர். அவரும் அக்கப்பலில் உள்ள ஒரு ஸ்கோர்ஸ்பியே.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவன: ஒரு கோடையை மட்டும் காண்பது பயண நூலாசிரியர்க்குக் குறையாகாது. தோனேயும் ஒரு கோடையே கண்டார். ஆயினும் காணாத குளிர்காலம் அவர் நூலில் உண்டு. கண்ட பொழுதை எல்லாப் பொழுதுமாகக் கொள்வதே குறை. அக்குறையை நீக்கும் வழிகள் இந்நூல்களிலேயே உள்ளன. முன்வந்தோர் குறிப்புகளோடு தம் காட்சியை ஒப்பிடுதல், பெயர்களின் வரலாற்றை வினவுதல், பனியின் நிலைகளைத் தனித்தனிச் சொற்களால் பிரித்துரைத்தல், தம்மைக் கொண்டுவந்த கப்பலை மறவாதிருத்தல், முதல் உணர்வைப் பின்னைய அறிவு திருத்த இடங்கொடுத்தல் என்னும் ஐந்தும் அவையாம். இவற்றுள் எதனையும் மேற்கொள்ளாத பயணம் ஆய்வுப் பயணம் என்னும் பெயருக்கு உரியதாகாது.

தமிழில் இத்தகைய நூல்களை மொழிபெயர்ப்போர்க்கும், அப்புலம் சென்று எழுதுவோர்க்கும் ஒன்று கூறலாம். நம் மொழியில் பனியாறு என்று ஒரு சொல் வழங்குகின்றது. ஆறு என்பது ஓட்டத்தை உணர்த்துவது. வழி என்னும் பொருளும் அதற்குண்டு. பனிமலை, பனிப்பாலை என்னும் பொதுச்சொற்களால் அதனைப் பெயர்த்தெழுதும் வழக்கம் பெருகி வருகின்றது. அவ்வாறு எழுதுங்கால் நகரும் ஒன்று நிற்பதாகிவிடுகின்றது. நிலம் தன் பொழுதை இழக்கின்றது. பனியாறு என்னும் சொல்லை அதன் முழுப்பொருளோடு ஆளுதல் இப்புலத்தைப் பற்றிய மெய்யான உரைநடைக்கு நல்ல தொடக்கமாக அமையும்.